கேள்விக்கு இரண்டு பொருள்: நம் சொற்பொழிவு மேடையும் உள்ளூர்ச் செய்தியும்

கொரோனாக் காலம் கழிந்து, கூட்டங்கள் மறுபடி நடக்கத் தொடங்கியிருந்த நேரம். திருமுல்கேரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம்மவர்கள் நடத்தும் மாதச் சொற்பொழிவுக்குப் போயிருந்தேன். எந்த மன்றம் என்பது இங்கே வேண்டாம். எல்லா மன்றத்துக்கும் பொருந்துகிற ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன். அறுபது, எழுபது பேர் இருந்தார்கள். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள். சென்னையிலிருந்து வந்திருந்த பேராசிரியர் கம்பனின் ஆற்றுப்படலத்தை எடுத்துக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் பேசினார். சரயு நதி அந்த மண்டபத்துக்குள்ளேயே ஓடியது என்றால் மிகையில்லை. நல்ல பேச்சு. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

பொன்னாடை போர்த்தியாயிற்று. நன்றியுரைக்கு முன்னால் "ஐந்து நிமிடம் கேள்வி நேரம்" என்றார் தலைவர். பின்வரிசையிலிருந்து எண்பதை நெருங்கும் ஓர் அம்மா எழுந்தார். "ஐயா பேச்சு ரொம்ப நல்லா இருந்துச்சு. எனக்கு வேற ஒரு விசயம் தெரியணும். வீட்டு வரி இன்னும் எங்க வீட்டுக்காரர் பேர்லயே வருது. அவர் போயி ரெண்டு வருசம் ஆச்சு. பேர் மாத்தணும்னா மெம்பரைப் பாருங்கன்னு அக்கம்பக்கத்துல சொல்றாங்க. எங்க வார்டுக்கு இப்ப மெம்பர் யாருங்க?"

"அம்மா, தலைப்பை ஒட்டிக் கேளுங்க" என்றார் தலைவர். சபை சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். நானும் சிரித்தேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

வெளியே வந்து காப்பி குடிக்கும்போது நண்பர்களிடம் அதே கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். நாலு பேர் நாலு பெயர் சொன்னார்கள். எல்லாம் பழைய பெயர்கள். உண்மை என்னவென்றால், அன்றைக்கு எந்த வார்டுக்கும் மெம்பரே கிடையாது! சிகந்திராபாத் கண்டோன்மென்ட் போர்டுக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015 ஜனவரியில். ஐந்தாண்டுக் காலம் 2020 பிப்ரவரியில் முடிந்து, நீட்டித்துக் கொடுத்த காலமும் 2021 பிப்ரவரியோடு தீர்ந்துவிட்டது. அதன்பின் பொதுமக்கள் சார்பில் நியமன உறுப்பினர் ஒருவர் மட்டும். 2023 ஏப்ரல் 30 அன்று தேர்தல் என்று அந்த ஆண்டு பிப்ரவரியில் அறிவித்து, மார்ச்சிலேயே அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இரண்டு இலட்சம் பேருக்கு மேல் வாழும் ஊர் இது. அந்த மண்டபத்தில் இருந்த எங்களில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. சரயு எங்கே பிறந்து எங்கே சேர்கிறது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்பைப் பற்றியது.

ஒரு சொல், இரு பொருள்

திருக்குறளில் அதிகாரங்கள் நிற்கும் வரிசையைக் கவனித்தால் ஓர் ஒழுங்கு தெரியும். 40 கல்வி, 41 கல்லாமை, 42 கேள்வி, 43 அறிவுடைமை. கல்விக்கும் அறிவுடைமைக்கும் நடுவே பாலமாக நிற்பது கேள்வி. அங்கே கேள்வி என்பதற்குக் கற்றவர் சொல்லக் கேட்டல் என்று பொருள். படிக்க வாய்ப்பில்லாமல் போனவனும் கேட்டுக் கொள்ளட்டும், தளர்ந்த நேரத்தில் அது ஊன்றுகோலாகும் என்பது வள்ளுவர் கருத்து. வாழ்நாள் முழுதும் கற்போருக்காக இன்று உலகமெங்கும் பேசப்படுவதை அவர் இரண்டடியில் சொல்லி முடித்துவிட்டார் எனலாம்.

ஆனால் தமிழில் கேள்வி என்ற சொல்லுக்கு வினா என்றும் பொருள் உண்டல்லவா? கேள்விப்பட்டேன், கேள்வி ஞானம் என்னும்போது ஒரு பொருள். கேள்வி கேட்டான் என்னும்போது மற்றொரு பொருள். கேட்பது என்ற ஒரே வினைச்சொல் செவிக்கும் உரியது, வாய்க்கும் உரியது. நம் மன்றங்களின் குறையை ஒரே வரியில் சொல்வதானால், முதல் பொருளைப் பொன்போலப் போற்றி, இரண்டாவதை ஐந்து நிமிடத்துக்குச் சுருக்கிவிட்டோம். அந்த ஐந்து நிமிடத்திலும் உள்ளூர்ச் செய்திக்கு இடமில்லை.

இது பழந்தமிழ் மரபு அன்று. மணிமேகலையில், விழாவை அறிவிக்கிறவன் சமயவாதிகளைப் பட்டிமண்டபத்தில் ஏறி வாதிடும்படி அழைக்கிறான். அது வாதம் நடக்கும் இடம், முடிவை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு வரும் இடம் அல்ல. நன்னூலின் பொதுப்பாயிரம் இன்னும் துல்லியமாகக் கணக்கே போட்டுக் கொடுக்கிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக் கொண்டாலும் கால் பங்குதான் தேறும். உடன் படிப்போரோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும். பவணந்தியாரின் இந்தக் கணக்கை வைத்து நம் கூட்டங்களை அளந்தால், ஆண்டு முழுவதும் கால் பங்குக்கு மட்டுமே மண்டப வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது புலப்படும்.

மேலைநாட்டாரும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். 1873இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தன் ஆசிரியர்களை வெளியூர்களுக்கு அனுப்பி, கல்லூரி வாசல் மிதியாதவர்களுக்குச் சொற்பொழிவு நடத்தியது. அதற்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1973இல், பிரான்சின் துலூஸ் நகரில் ஓய்வு பெற்றவர்களுக்கென்றே 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்' பிறந்தது. அங்கே பேராசிரியர்கள் பேசினார்கள், முதியவர்கள் கேட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்காரர்கள் அந்த ஏற்பாட்டை எடுத்துக்கொண்டபோது ஒரு மாற்றம் செய்தார்கள். பேராசிரியர் வேண்டாம், உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் ஆசிரியர் என்றார்கள். நன்னூலார் சொன்ன அரைப் பங்கு அங்கே போய் நடைமுறைக்கு வந்தது.

நாம் நிற்கும் மண்

"இது நமக்கு எதற்கு? நாம் பிழைக்க வந்தவர்கள்தானே?" என்று சிலர் கேட்பதுண்டு. இதற்குப் பதில் ஊர் வரலாற்றில் இருக்கிறது.

நிஜாமோடு ஆங்கிலேயர் செய்துகொண்ட 1798ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஒரு படை ஹுசேன் சாகருக்கு வடக்கே வந்து தங்கியது. அதில் பெரும்பகுதி சென்னைப் படை. 1806இல் சிகந்தர் ஜாவின் பெயரால் சிகந்திராபாத் என்ற பெயர் வந்தது. சிப்பாய்களோடு தையற்காரர், சமையற்காரர், கணக்குப்பிள்ளை, சரக்கு ஒப்பந்தக்காரர் என்று தமிழர் பலர் வந்து குடியேறினார்கள். 1857 எழுச்சிக்குப் பிறகு திருமுல்கேரியில் அகழி சூழ்ந்த படையரண் எழுந்தது. திருமலகிரி என்ற ஊர்ப்பெயர் வெள்ளைக்காரர் வாயில் ட்ரிமல்கெரி ஆகி, நம் வாயில் திருமுல்கேரி ஆயிற்று. ஆக, நம்மில் சில குடும்பங்கள் இங்கே வந்து இரண்டு நூற்றாண்டு ஆகிறது. இன்னமும் விருந்தாளி போலப் பேசுவது நமக்கே அழகில்லை.

அந்த முன்னோர் ஊர் விஷயத்தில் ஒதுங்கி நிற்கவில்லை. சோமசுந்தரம் முதலியார் 1862இல் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் மஹபூப் கல்லூரி என்று பெயர் பெற்றது. அந்தக் கல்லூரியில் 1893 பிப்ரவரி 13 அன்று சுவாமி விவேகானந்தர் பேசினார். சிகாகோவுக்குப் புறப்படும் முன்னர், மேலை நாட்டில் தாம் செய்ய எண்ணிய பணியைப் பற்றிப் பேசிய பேச்சு அது. ஏறக்குறைய ஆயிரம் பேர் கேட்டார்கள் என்பர். நம் விழா மேடைகளில் இந்தச் செய்தியைச் சொல்லாத பேச்சாளர் இல்லை. சொல்லட்டும், பெருமைதான்.

ஆனால் அதற்குப் பத்தாண்டு முன்னால், 1883இல், ஹைதராபாத்தில் நடந்த இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. சாந்தா வரைக்கும் இரயில் பாதை போட நிஜாம் அரசு ஆங்கிலேயக் கம்பெனியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தது. என்ன நிபந்தனை, எவ்வளவு பணம், யார் தலையில் விழும் என்பதை மக்களுக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று கற்றோர் சிலர் கூடிக் கேட்டார்கள். அவர்களில் முன்னால் நின்றவர் அகோரநாத் சட்டோபாத்யாயர். சரோஜினி நாயுடுவின் தந்தையார், விஞ்ஞானம் படித்த வங்காளி. வெளியூர்க்காரர்தான்! கேட்ட குற்றத்துக்கு அவரை ஊரை விட்டே அனுப்பினார்கள். பிறகு திரும்பி வந்து இந்த ஊரிலேயே பணியாற்றினார். விவேகானந்தர் பேச்சு நம் ஊரில் நடந்த உலகப் பேச்சு. சாந்தா இரயில் பற்றிய கூட்டம் நம் ஊரைப் பற்றியே நடந்த பேச்சு. முன்னதைக் கொண்டாடிப் பின்னதை மறந்தோம் என்பதிலேயே நம் மேடையின் சாய்வு தெரிகிறது.

தெலுங்கரிடமிருந்தும் நாம் கற்க ஒன்று உண்டு. உருது ஆட்சிமொழியாக இருந்த காலத்தில், தங்கள் மண்ணிலேயே தங்கள் மொழிக்கு இடம் தேட வேண்டியிருந்த அவர்கள், 1901இல் ஹைதராபாத்தில் ஸ்ரீகிருஷ்ணதேவராய ஆந்திர பாஷா நிலையம் என்ற நூலகத்தை நிறுவினார்கள். அந்த நூலக இயக்கம் ஊர் ஊராகப் பரவியது. 1930இல் சுரவரம் பிரதாபரெட்டி தலைமையில் ஜோகிப்பேட்டையில் ஆந்திர மகாசபை கூடியது. மொழிக்காகத் தொடங்கியவர்கள் பள்ளிக்கூடம், கூலியில்லா வெட்டிவேலை என்று மக்களின் அன்றாடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மொழி அங்கே வாசலாக இருந்தது. நம் மன்றங்களில் மொழியே மதிற்சுவராகிவிட்டதோ என்று எனக்கு ஐயம்.

நடப்பதை எடை போட்டால்

நம் மேடையில் இப்போது வழங்கும் பேச்சுகளை நான்கு வகையாகப் பார்க்கிறேன். முதலாவது இலக்கியச் சொற்பொழிவு. இரண்டாவது பட்டிமன்றம். குடும்பத்தில் பெரிதும் விட்டுக் கொடுப்பவர் கணவரா மனைவியா என்பது போன்ற தலைப்பு, இரு பக்கமும் சரி என்ற தீர்ப்பு, இடையிடையே நகைச்சுவை. மூன்றாவது, சர்க்கரை, மூட்டுவலி, இதயம் என்று மருத்துவர் பேசும் உடல்நலப் பேச்சு. இதில் மட்டும் கேள்விகள் குவியும். ஆனால் எல்லாம் "டாக்டர், எனக்கு போன வாரம் சுகர் இருநூத்திப் பத்து, என்ன செய்யலாம்?" என்ற சொந்தக் கேள்விகள். நான்காவது, நம் மொழியின் தொன்மை. இதில் பேச்சாளருக்கும் கேட்பவருக்கும் முன்பே ஒத்த கருத்து இருப்பதால், கைதட்டலுக்குத்தான் வேலை.

இவற்றில் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. வாரம் முழுக்கத் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் பேசிவிட்டு, ஒரு மாலை நேரமாவது காதாரத் தமிழ் கேட்க வேண்டும் என்று வருகிறவர்களின் தாகம் எனக்கும் தெரியும். நானும் அதற்காகவே போகிறேன். ஆனால் நான்கு வகையிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பேச்சில் திருமுல்கேரி இல்லை. அதே பேச்சை அப்படியே மும்பை தாராவியிலோ, தில்லி கரோல் பாக்கிலோ, துபாயிலோ பேசிவிடலாம். காவிரிப் பிரச்சினை பற்றி நம்மவர்கள் நடுவர் மன்றத்தின் தீர்ப்பு வரைக்கும் ஒப்பிப்பார்கள். நம் வீட்டுக் குழாய்க்கு வரும் மஞ்சீரா, கிருஷ்ணா, கோதாவரித் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கேட்டால் "டேங்க்லேர்ந்து வருது" என்பார்கள்.

உள்ளூர்த் தலைப்பை எடுத்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. அதன் கேட்டையும் பார்த்திருக்கிறேன். ஒரு குடியிருப்பில் 'தண்ணீர்ப் பிரச்சினை: ஒரு கலந்துரையாடல்' என்று போட்டார்கள். இரண்டரை மணி நேரம். ஆளாளுக்குத் தம் வீட்டு வாளியைப் பற்றிப் பேசினார்கள். யாரும் ஒரு காகிதம் கொண்டு வரவில்லை, ஓர் எண் சொல்லவில்லை, ஒரு சட்டம் தெரியாது. கடைசியில் இரண்டு பேர் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கூட்டம் கலைந்தது. செய்தி இல்லாமல் கேள்வி மட்டும் இருந்தால் அது புலம்பல்தான். ஆகவே வேண்டியது, இலக்கியப் பேச்சுக்கு நம் பேராசிரியர்கள் எடுத்துக்கொள்ளும் அதே தயாரிப்போடு ஊர்ச் செய்தியைப் பேசுவது.

இன்னொரு தடையும் உண்டு. "மன்றத்தில் அரசியல் கூடாது" என்ற விதி. நல்ல விதி. வேற்று மாநிலத்தில் வாழும் நமக்குக் கட்சிச் சண்டை ஆகாதுதான். ஆனால் கட்சி வேறு, ஊரறிவு வேறு. கண்டோன்மென்ட் போர்டில் யார் யார் உட்கார்கிறார்கள் என்று சொல்வது அரசியலா? 2006ஆம் ஆண்டுக் கண்டோன்மென்ட் சட்டப்படி நம்முடையதைப் போன்ற முதல் வகைப் போர்டில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எட்டுப் பேர், தலைவர் இராணுவ அதிகாரி என்பது பாடம். எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடு என்பதுதான் அரசியல். இரண்டையும் குழப்பிக்கொண்டு பாடத்தையும் வெளியே தள்ளிவிட்டோம்.

நல்ல உள்ளூர்ச் சொற்பொழிவு எப்படி இருக்கும்?

கற்பனையாகச் சொல்ல வேண்டியதில்லை, முன்மாதிரிகள் உண்டு. சென்னையில் 2004இல் எஸ். முத்தையா முதலிய சிலர் ஆகஸ்ட் 22ஆம் நாளைச் 'சென்னை நாள்' என்று கொண்டாடத் தொடங்கினார்கள். 1639இல் அந்நகருக்கு வித்திட்ட நாள் அது. அரசாங்கத்தை எதிர்பார்க்காமல், தெருவில் நடந்தும் சிறு கூடங்களில் கூடியும் தங்கள் பேட்டையைப் பற்றித் தாங்களே பேசிக்கொண்டார்கள். ஆறு, ஏரி, பழைய கட்டிடம், டிராம் வண்டி, மீனவர் குப்பம் எல்லாமே தலைப்பாயின. புதுக்கோட்டையில் 1991-92இல் நடந்த அறிவொளி இயக்கம் இன்னும் ஒரு படி மேலே. அங்கே எழுத்துப் பாடத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல்குவாரியில் கல் உடைத்தவர்கள் குவாரிக் குத்தகையைப் பற்றிப் பேசி, தாங்களே குத்தகை எடுக்குமளவுக்கு வந்தார்கள். வயது வந்தோர் கல்வி என்பது அவரவர் வாசலில் இருக்கிற விஷயத்திலிருந்து தொடங்கினால்தான் ஒட்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நம் ஹைதராபாத்திலேயே 2010 முதல் பஞ்சாரா ஹில்ஸில் 'லாமகான்' என்ற திறந்த அரங்கு இயங்கி வருகிறது. நகரப் பிரச்சினை முதல் நாடகம் வரை அங்கே நடக்கும். ஆனால் திருமுல்கேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஆங்கிலத்திலும் உருதுவிலும் நடக்கும் கூட்டத்துக்கு நம் எழுபது வயது அம்மா போவாரா? அவருக்கு அவர் மொழியில், நடந்து போகும் தூரத்தில் வேண்டும். அதைச் செய்யக்கூடிய இடம் நம் மன்றம் ஒன்றுதான்.

தலைப்புக்குப் பஞ்சமா? எடுத்துக்காட்டாக மூன்று மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, கொசு. சிரிக்காதீர்கள்! 1897 ஆகஸ்ட் 20 அன்று, நம் பக்கத்துப் பேகம்பேட்டையில்தான் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். ஹுசேன் கான் என்ற நோயாளி தம்மைக் கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் ஓரணா வாங்கிக்கொண்டு ஆராய்ச்சிக்கு உடம்பைக் கொடுத்தார். 1902இல் ராஸுக்கு நோபல் பரிசு. இந்தக் கதையில் தொடங்கி, தேங்கிய தண்ணீருக்கும் டெங்குக்கும் வந்து, நம் தெரு வடிகால் யார் பொறுப்பு என்பதில் முடித்தால், மருத்துவப் பேச்சும் வரலாற்றுப் பேச்சும் ஊர்ப் பேச்சும் ஒன்றாகிவிடும்.

இரண்டு, வெள்ளம். 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருகி ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. ஆற்றங்கரையில் ஒரு புளியமரத்தில் ஏறி நூற்றுக்கு மேற்பட்டோர் பிழைத்தார்கள். விசுவேசுவரய்யாவை அழைத்து வழி கேட்டு, 1920இல் உஸ்மான் சாகரும் 1927இல் ஹிமாயத் சாகரும் கட்டி முடித்தார்கள். அப்படியும் 2020 அக்டோபர் மழையில் நகரம் மூழ்கியது ஏன்? ஏரிகளும் அவற்றை இணைத்த வாய்க்கால்களும் என்னவாயின? கம்பனின் ஆற்றுப்படலத்தை ரசித்தவர்கள் மூசியின் ஆற்றுப்படலத்தையும் கேட்கலாமே.

மூன்று, சாலை. கண்டோன்மென்ட் சாலைகளைப் பொதுமக்களுக்குத் திறக்கும்படி 2018 மே மாதம் பாதுகாப்பு அமைச்சகம் உத்தரவிட்டது. 2024 மார்ச்சில், பாரடைஸிலிருந்து நம் பக்கமாக ஷாமீர்பேட்டைக்குச் செல்லும் உயர்மட்டச் சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சாலையோரம் வீடும் கடையும் வைத்திருப்பவர்களுக்கு நில எடுப்பு என்றால் என்ன, நிலப் பதிவேட்டில் தம் இடம் எந்த வகையில் எழுதியிருக்கிறது, 'பழைய மானியம்' என்பதற்கு என்ன பொருள் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டாமா? பிள்ளைகள் அமெரிக்காவிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே இருப்பது நாம்தான்.

பேச ஆள்? சென்னைக்கு ஃபோன் போட வேண்டாம். நம் கூட்டத்திலேயே ஆர்டினன்ஸ், ஈ.எம்.ஈ., இரயில்வே, ஈ.சி.ஐ.எல்., வங்கி என்று முப்பது நாற்பது ஆண்டு உழைத்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தென் மத்திய இரயில்வே 1966 அக்டோபர் 2 அன்று சிகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு பிறந்ததை ஆரம்பம் முதல் பார்த்தவர்கள் இன்னும் ஓரிருவர் இருக்கக்கூடும். அவர்கள் மேடையேறியதே இல்லை. "எனக்கு மேடைப் பேச்சு வராது சார்" என்பார்கள். அலங்காரமாகப் பேசத்தான் வராது. தெரிந்ததைச் சொல்ல வரும். வள்ளுவர் அவையஞ்சாமைக்குத் தனி அதிகாரமே வைத்திருக்கிறார். அந்த அச்சத்தைப் போக்குவது மன்றத்தின் வேலை இல்லையா?

அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில்

கூட்டம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, விசாரித்துத் தெரிந்துகொண்டதை அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "இப்ப எந்த வார்டுக்கும் மெம்பர் கிடையாதும்மா. நேரா ஆபீசுக்கே மனு கொடுக்கணும். இறப்புச் சான்றிதழ், வாரிசுக் காகிதம் எல்லாம் எடுத்து வச்சுக்குங்க. மத்த விவரம் அவங்களே சொல்வாங்க" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப ரெண்டு வருசமா இல்லாத ஆளைத்தான் தேடிக்கிட்டு இருந்தேனா?" என்றார். அதில் கோபம் இல்லை. அன்றைக்கு அறுபது பேர் சிரித்ததைப் பற்றியும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழியனுப்பும்போது, "எதிர்வீட்டு அம்மாவுக்கும் இதே சங்கடம்தான், நான் சொல்லிடுறேன்" என்றார்.

எதிர்வீட்டாருக்கு அவர் எடுத்துச் சொல்லும் இடத்தில்தான் நன்னூல் கணக்கின் மீதி அரைப் பங்கு இருக்கிறது. மண்டபமும் ஒலிபெருக்கியும் பொன்னாடையும் வைத்திருந்த எங்களால் தர முடியாததை, வாசற்படியில் நின்றபடி அவர் செய்யப் போகிறார்.

ஆகவே மன்றப் பொறுப்பாளர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஆண்டுக்குப் பன்னிரண்டு கூட்டம் நடத்துகிறோம். எட்டுக் கூட்டம் கம்பனுக்கும் வள்ளுவனுக்கும் பாரதிக்கும் மருத்துவருக்கும் இருக்கட்டும். நாலு கூட்டம் திருமுல்கேரிக்குக் கொடுங்கள். பேச்சு நாற்பது நிமிடம், கேள்வி நாற்பது நிமிடம். பதில் தெரியாத கேள்வியை ஒரு நோட்டில் எழுதி, அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில் விடை படியுங்கள். பேசுகிறவர் நம்மில் ஒருவராக இருக்கட்டும். தெலுங்கரோ உருதுக்காரரோ பேச வந்தால் பக்கத்தில் ஒருவர் தமிழில் சொல்லட்டும். சொன்னதை ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கையில் கொடுத்தனுப்புங்கள்.

முதல் கூட்டத்துக்குத் தலைப்பும் தயாராக இருக்கிறது: 'நம் வார்டுக்கு மெம்பர் யார்?' அந்த அம்மாவை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.